மிஸ்டர் தாக்கூருக்கு ஒரு சாய்தளம்

போன மாதக் கூட்டத்தில் இளம் பொறியாளர்களான நீங்கள் போட்டுக் காட்டிய கணினிப் படங்களைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன. நடைமேம்பாலத்தின் மேல் போகிறவர்கள் எல்லோரும் ஒரே உயரம், ஒரே வேகம். ஒருவர்கூடப் பாலத்தின் நடுவில் நின்று கீழே ஓடும் பேருந்தை வேடிக்கை பார்க்கவில்லை. ஒருவர்கூட வெற்றிலையைத் துப்பவில்லை. கல்கத்தாவில் சாலையும் பாலமும் போட்டே தலை நரைத்தவள் நான். இந்த மாதிரி ஜனங்கள் எந்தப் பேட்டையில் குடியிருக்கிறார்கள் என்று சொன்னால், மிச்சக் காலத்தை அங்கே கழித்துவிடுவேன்.

கூட்டம் முடிந்ததும் உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, "மேடம், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை எப்படி நடத்தணும்?" என்று கேட்டார். தேநீர் சூடாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது அரைகுறைப் பதில். முழுப் பதில் கொஞ்சம் நீளம். அதில் ஒரு பாலம், ஒரு மேலதிகாரி, வேலை போக இருந்த ஒரு பெண், இன்றுவரை நான் கண்ணால் பார்த்திராத தாக்கூர் என்ற ஒரு பெரிய மனிதர் எல்லோரும் வருகிறார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. ஊருக்கு இன்னும் பெயர் மாறவில்லை. ஜாதவ்பூர் பக்கம் ஒரு மருத்துவமனை வாசலில் சாலையை அகலப்படுத்தினோம். அகலப்படுத்தியதும் பேருந்துகளுக்கு இறக்கை முளைத்துவிட்டது. மருந்துக் கடைகளெல்லாம் எதிர்ப்புறம். நோயாளியை இந்தப் பக்கம் படுக்க வைத்துவிட்டு மருந்து வாங்க ஓடுகிறவர்கள் தாங்களும் நோயாளியாகத் திரும்பினார்கள். அதனால் அங்கே ஒரு நடைமேம்பாலம் கட்ட முடிவானது. சாலையால் வந்த வினையைப் பாலம் கட்டித் தீர்ப்பதும், பாலத்தால் வந்த வினையை வேறொன்றைக் கட்டித் தீர்ப்பதும்தான் நம் தொழில். இதை யாரும் உங்களுக்குப் பாடத்தில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

பாலத்துக்குப் பொறுப்பு எங்கள் மேலதிகாரி. பெயர் வேண்டாம், சார் என்றே சொல்கிறேன். கோயம்புத்தூர்க்காரர். மத்திய அரசுப் பணியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு அயல்பணியில் வந்தவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பியூனைக்கூட "வாங்க, உக்காருங்க" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் லேக் மார்க்கெட்டில் வீடு பிடித்திருந்தார். லேக் மார்க்கெட்டில் வீடு பிடித்த தமிழனுக்கு வங்காளம் என்று ஒரு மாநிலம் இருப்பதே தெரியாமல் போய்விடும். வாசலில் முருங்கைக்காய் கிடைக்கும், காப்பிப்பொடி கிடைக்கும், வாழையிலை கிடைக்கும். சாருக்கு அங்கே காய்கறிக்காரரிடம் கற்றுக்கொண்ட வங்காளம் ஒரு கைப்பிடி இருந்தது. "கதோ" என்றால் எவ்வளவு, "பார்போ நா" என்றால் முடியாது, "ஜாச்சி" என்றால் போகிறேன். இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு தனக்கு பாஷை வந்துவிட்டது என்று மனதார நம்பினார். ஒரு பாஷையைத் துளியும் அறியாதவரால் ஆபத்தில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிடுவார். கைப்பிடி அளவு தெரிந்தவரிடம்தான் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துர்கா பூஜைக்கு அலுவலகம் மொத்தமாக மூடிக்கொள்ளும். சார் முதல் நாளே குடும்பத்தோடு ஹவுராவில் ரயிலேறிவிடுவார், விடுமுறை முடிந்துதான் திரும்புவார். இந்த ஊரில் அவர் இருந்த வருஷங்களில் ஒரு பூஜையைக்கூடப் பார்த்ததில்லை. வருஷா வருஷம் தீபாவளியன்று ஊரிலேயே இல்லாதவன் மெட்ராஸைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருப்பானோ, அவ்வளவு.

அவருக்குக் கீழே பாலத்தை வரைந்தவள் சுமிதா. நைஹாட்டியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிற பெண். அவளுடைய அப்பா வேலை பார்த்த சணல் ஆலை மூடிக் கிடந்தது. வீடு இவள் சம்பளத்தில் நடந்தது. அந்த வேலையும் தற்காலிகம். பாலம் நல்லபடியாக முடிந்தால் அவளை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். முடியாவிட்டால் என்ன என்பதை யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. என்னை திதி என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம். நான் அப்போது போக்குவரத்துக் கணக்கெடுப்புப் பிரிவில் இருந்தேன். அந்த மாதங்களில் ஹல்தியாவில் துறைமுகச் சாலையில் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் இல்லாத நேரத்தில் அந்தப் பேட்டையின் சங்கத்துக் கட்டிடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கல்கத்தாவில் சங்கம் இல்லாத தெரு கிடையாது. கால்பந்து, ரத்ததானம், கேரம் என்று ஆயிரம் காரியம் செய்வதாகச் சொல்வார்கள். உண்மையில் இருப்பது பூஜை நடத்த. அந்தச் சங்கத்துக்குச் செயலாளர் பாப்லு தா. பாப்லு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரல் வளம் உள்ளவர், அதை வீணாக்காதவர்.

"மொழிபெயர்க்க யாராவது கூட வரட்டுமா?" என்று சுமிதா கேட்டிருக்கிறாள். சார் வேண்டாமென்றிருக்கிறார். தனியாகப் போனார். வரைபடத்தைச் சுவரில் மாட்டிக் காட்டினார். பாப்லு தா எழுந்து நின்று, நீளமாக ஏதோ பேசி, கடைசியில் மேஜையைத் தட்டிச் சொன்னாராம்: "தாக்கூர் ஜேதே பார்பே நா!"

கூட்டமே அதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறது. தாக்கூர் போக முடியாது.

சாருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை, முழு வாக்கியமும் புரிந்துவிட்டதல்லவா? இந்தப் பேட்டையில் தாக்கூர் என்று ஒரு மதிப்புள்ள வயோதிகர் இருக்கிறார். அவரால் படியேறிப் போக முடியாது. அவருக்காக ஊரே பரிந்து பேசுகிறது. சாருக்கு மனம் இளகிவிட்டது. எழுந்து நின்று இந்தியில் அறிவித்திருக்கிறார்: "தாக்கூருக்கு ஏற்பாடு ஆகிவிடும். என் பொறுப்பு."

கைத்தட்டல். ஒரு தட்டு நிறைய சந்தேஷ் இனிப்பு. இரண்டு தரப்பும் இவ்வளவு மனநிறைவோடு கலைந்த கருத்துக் கேட்பை நான் என் பணிக்காலத்தில் கேள்விப்பட்டதில்லை.

வங்காளம் தெரியாத உங்களுக்கு இங்கே ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். வங்காளிக்குத் தாக்கூர் என்றால் சாமி. கோவிலில் இருக்கிற சாமி, பந்தலில் வைக்கிற துர்க்கைச் சிலை, எல்லாமே தாக்கூர்தான். பூஜை நாட்களில் ஊர் சுற்றுவதற்கே "தாக்கூர் பார்க்கப் போகிறோம்" என்றுதான் சொல்வார்கள். பாப்லு தா சொன்னது இதுதான்: சாலைக்குக் குறுக்கே நீ பாலம் போட்டால், தசமியன்று எங்கள் சிலை லாரியில் ஏறிக் கரைக்க ஆற்றுக்குப் போகும்போது அடியில் நுழைய முடியாது.

சார் மறுநாள் சுமிதாவைக் கூப்பிட்டு, "தாக்கூருக்குப் படி ஏற முடியாது, பாலத்தின் இரண்டு பக்கமும் ஒரு சாய்தளம் சேர்த்து வரை" என்று ஆங்கிலத்தில் உத்தரவிட்டார். அவள் வங்காளிப் பெண்தானே, அவளுக்குப் புரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அவளுக்கு வேறு மாதிரி புரிந்தது. அங்கேதான் விஷயமே. வங்காளத்தில் பூசாரியையும் தாக்கூர்மோஷாய் என்பார்கள். சாமி படி ஏறாது, ஆகவே சார் பூசாரியைத்தான் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மருத்துவமனைக்கு எதிரே ஒரு சின்னக் காளி கோவில் இருந்தது. போய்ப் பார்த்தாள். அங்கே இருந்த கிழப் பூசாரிக்கு இரண்டு முழங்காலும் போயிருந்தது. எல்லாம் பொருந்திவிட்டது. அவரை நடக்க வைத்து, எவ்வளவு சரிவு அவருக்குத் தாங்கும் என்று பார்த்து, நாலைந்து தடவை போய்வந்து சாய்தளத்தை வரைந்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் பிரசாதம் கொடுத்தனுப்பினார். அந்தக் காலத்தில் சாய்தளம் கேட்டு யாரும் மனுப் போட்டதில்லை. எங்கள் அலுவலகம் தானாக முன்வந்து செய்த ஒரே மனிதாபிமானக் காரியம் இப்படித்தான் ஆரம்பமானது.

பாலத்தின் உயரம் விதிப்புத்தகத்தில் உள்ளபடி சரியாகவே இருந்தது. விதிப்புத்தகத்தில் துர்க்கை இல்லை, அதுதான் குறை.

பூஜைக்கு முன்னால் பாலத்தைத் திறந்தார்கள். நானும் ஹல்தியாவிலிருந்து திரும்பியிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் சார் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

"அங்க ஒரு பெரிய மனுசரு இருக்காருங்கம்மா. படி ஏற முடியாதாமா, பாவம். ஊரே எந்திரிச்சு நின்னு சொல்லுச்சுங்க. ராம்ப் போட்டுக் குடுத்துட்டனுங்க. இன்னும் அந்த மனுசன நேர்ல பாக்கத்தான் குடுத்து வெக்கல."

அந்த வருஷம் அவருக்குக் குடுத்து வைத்திருந்தது. ஊர்வலப் பாதையில் வேலை நடந்த இடங்களுக்கெல்லாம் பொறுப்பு அதிகாரிகள் தசமியன்று நேரில் நிற்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. சார் ரயில் டிக்கெட்டை ரத்து செய்தார். பவானிபூரில் வீடு என்பதால் என்னையும் இழுத்துப் போட்டார்கள். சுமிதா வராமல் இருக்க முடியாது, அவள் பாலம்.

மதியம் வெயில் சாய்ந்ததும் டாக் மேளம் கேட்டது. லாரி வந்தது. அந்தச் சங்கத்தின் சிலையைப் பந்தலிலேயே வைத்துச் செய்வார்கள், அதனால் அந்த வருஷத்துச் சிலையின் உயரம் அதுவரை எந்தச் சாலைக்கும் தெரியாது. சிங்கம், அசுரன், பத்துக் கை, தலையில் கிரீடம், அதற்கும் மேலே பின்புறம் அரைவட்டமாக எழும்பி நிற்கும் ஓவியப் பலகை. வழியில் குறுக்கே வரும் மின்கம்பிகளைப் பையன்கள் மூங்கிலால் தூக்கிப் பிடித்து வழிவிடுவார்கள். அதே நம்பிக்கையிலும் சார் கொடுத்த வாக்கிலும் பாலத்தடிக்கும் வந்து, மூங்கிலை உயர்த்திப் பார்த்துவிட்டு நின்றார்கள்.

லாரி நின்றது. மேளம் நின்றது. லாரிக்குப் பின்னால் ஊர்வலம், ஊர்வலத்துக்குப் பின்னால் பேருந்துகள், அவற்றின் நடுவே மருத்துவமனைக்குத் திரும்ப வழியில்லாமல் ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டிருந்தது.

பாப்லு தா நேராக சாரிடம் வந்தார். "தாக்கூருக்கு ஏற்பாடு பண்றேன்னு சொன்னீங்களே, எங்கே?" என்று இந்தியில் கேட்டார்.

சார் முகம் மலர்ந்தது. சாய்தளத்தின் பக்கம் கையை நீட்டினார். "இதோ. கைப்பிடிகூட வைத்திருக்கிறோம். மெதுவாக வரச் சொல்லுங்கள், அவசரமில்லை."

பாப்லு தா சாய்தளத்தைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், பிறகு லாரியின் மேல் நின்ற அம்மனைப் பார்த்தார்.

எனக்கு அந்த நொடியில்தான் எல்லாம் விளங்கியது. சாரைத் தனியே இழுத்து, "சார், தாக்கூர்னா சாமி சார்" என்றேன்.

"எந்தச் சாமிங்க?"

"லாரி மேல நிக்குதே, அதுதான் சார்."

சார் நிமிர்ந்து பார்த்தார். மிஸ்டர் தாக்கூரை அவர் நேரில் பார்த்தது அப்போதுதான்.

சுற்றிலும் கூச்சல் கிளம்பியது. "பாலத்தை இறக்கு!" என்று ஒருவன் கத்தினான். மூங்கில்கள் திரும்பின. காவல் நிலைய அதிகாரி வந்து, "நீங்களே ஒரு முடிவெடுங்க" என்று சொல்லிவிட்டு, முடிவு தன்மேல் தெறித்துவிடாத தூரத்தில் போய் நின்றுகொண்டார். யாரோ ஓர் அறிவாளி லாரிச் சக்கரத்தில் காற்றை இறக்கினால் தாழும் என்றான். ஒரு சக்கரத்தில் இறக்கியும் விட்டார்கள். தேவை ஒரு முழம், கிடைத்தது மூன்று விரற்கடை, அதுவும் ஒரு பக்கம் மட்டும். அம்மன் தலையைச் சாய்த்து எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

சார் என் காதில், "படுக்க வெச்சுக் கொண்டு போயிரலாம்னு சொல்லுங்கம்மா" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. எதை மொழிபெயர்க்காமல் விடுவது என்பது தெரிந்திருந்தால்தான் இரண்டு பாஷை தெரிந்ததற்குப் பலன். அடுத்ததாக அவர் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. "அந்தப் புள்ள பெங்காலிதானுங்களே? எனக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா? வரைஞ்சது அந்தப் புள்ளைதானுங்க." தமிழ் தெரியாத சுமிதாவுக்குக்கூட, அவர் தன் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை புரிந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்படுவதற்கு இடம் அதுவல்ல. நான் பவானிபூரில் வளர்ந்தவள். சின்ன வயதில் பக்கத்துப் பந்தலில் வருஷா வருஷம் பார்த்த ஒரு சடங்கு நினைவுக்கு வந்தது. தசமி காலையில் பூசாரி ஒரு பாத்திரத் தண்ணீரில் கண்ணாடியை வைத்து, அதில் அம்மனின் முகம் தெரிய, மந்திரம் சொல்லித் தண்ணீரைக் கலைப்பார். அத்தோடு அம்மன் கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மிஞ்சுவது வைக்கோலும் களிமண்ணும்தான். ஆற்றில் விடுவது அதைத்தான். அப்படியானால் கிரீடத்தையும் பலகையையும் கழற்றினால் அபசாரமில்லை. லாரி தாராளமாக நுழையும்.

விடை தெரிந்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாலம் கட்டி வழியை மறித்த அலுவலகத்திலிருந்து வந்த ஒரு மதராஸிப் பெண், கண்ணீரும் குங்குமமுமாக நிற்கிற ஜனத்தைப் பார்த்து, உங்கள் அம்மன் இப்போது வெறும் களிமண் என்கிறாள். அடுத்த ஆம்புலன்ஸ் எனக்கு. சரியான பதில் கையில் இருந்தால் மட்டும் போதாது. அது யார் வாயிலிருந்து வர வேண்டும் என்பதையும் அதே நிமிஷத்தில் யோசிக்க வேண்டும். நான் இந்தத் தொழிலில் கற்றுக்கொண்டதில் உருப்படியானது இது ஒன்றுதான்.

"இந்தச் சங்கத்துக்குப் பூஜை பண்ணினது யாரு?" என்று சுமிதாவிடம் கேட்டேன்.

"நம்ம தாக்கூர்மோஷாய்தான் திதி! அவருக்குத்தானே ராம்ப் போட்டோம்?"

"யாருக்கு?"

"எதிர்ப்பக்கம் காளி கோவில்ல இருக்காரே..."

அவளுடைய தாக்கூர் யார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சிரிக்க நேரமில்லை. "ஓடு, கையோடு கூட்டிட்டு வா" என்றேன். படியில் இரண்டிரண்டாகத் தாவி ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் பாலத்தின் மேல் பூசாரி தெரிந்தார். வெள்ளை வேட்டி, தோளில் நாமாவளித் துண்டு. ஒரு கை கைப்பிடியில், ஒரு கை சுமிதாவின் தோளில். கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. அவர் சாய்தளத்தின் வழியாக மெல்ல மெல்ல இறங்கி வந்தார்.

சார் என் கையைப் பிடித்து உலுக்கினார். "பாத்தீங்களா, பாத்தீங்களா? நாஞ் சொல்லல? தாக்கூரு வந்துட்டாருங்க பாருங்க!"

பூசாரி காதில் நான் கேட்டது ஒரே கேள்வி. "கண்ணாடி விசர்ஜனம் காலையில ஆயிடுச்சா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று தெரிந்தது. லாரியின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார்.

"மா காலையிலேயே கிளம்பிட்டா. இந்நேரம் கைலாசத்துக்குப் பாதி வழி போயிருப்பா. நீங்க இங்கே நின்னு யாருக்காகச் சண்டை போடறீங்க? பாப்லு, மேலே ஏறு. கிரீடத்தைக் கழட்டு. பலகையை அவிழ்த்து இறக்கு. காலால மிதிக்காதே, தலைமேல வச்சுக் கொண்டு போ."

அவ்வளவுதான். பாப்லு தாவே ஏறினார். பலகை இறங்கியது. கிரீடமாவது பாலத்துக்கு மேலே போகட்டும் என்று அதைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் சாய்தளத்தில் ஏறிப் பாலத்தின் மேல் போனார், அம்மன் பாலத்தின் அடியில் போனாள். காற்று இறக்கிய அறிவாளியே சைக்கிள் ரிக்‌ஷாவில் பம்ப் கொண்டுவந்து சக்கரத்தையும் நிமிர்த்தினான். மேளம் மறுபடி கிளம்பியது. ஆம்புலன்ஸ் உள்ளே போனது. அந்தச் சத்தம் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விடுமுறை முடிந்ததும் விசாரணைக் கூட்டம். எங்கள் அலுவலகத்தில் ஒன்றுமே நடக்காவிட்டால் விசாரணை கிடையாது, ஏதாவது நல்லபடியாக முடிந்துவிட்டால் கட்டாயம் உண்டு. உள்ளே போகுமுன் சார் என்னை நடைவழியில் நிறுத்தினார்.

"அந்தப் புள்ளைக்குச் சின்ன வயசுங்கம்மா. வேற எடத்துல வேல கெடச்சுக்கும். எனக்கு ரிட்டயர்மென்ட் கிட்ட வருதுங்க. அந்தப் புள்ளதான் சரியா எடுத்துச் சொல்லலைன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. நம்ம ஊர்க்காரங்க, உங்ககிட்டத்தான் கேக்க முடியும்."

நம்ம ஊர்க்காரங்க. என் அப்பா துறைமுக வேலைக்கு இங்கே வந்தபோது நான் பிறக்கவே இல்லை. கோயம்புத்தூரை ரயில் ஜன்னலில் பார்த்ததோடு சரி. உள்ளே போனேன். சுமிதா சுவரோரம், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

தலைமைப் பொறியாளர் வங்காளி. கோப்பைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே, "யார் இந்த மிஸ்டர் தாக்கூர்?" சார் என்னைப் பார்த்தார்.

நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தால் அறையே சிரித்திருக்கும். சாரின் மானம் போயிருக்கும். மானம் போன மேலதிகாரி அடுத்துக் கைவைப்பது தனக்குக் கீழே இருக்கிற தற்காலிகப் பெண்ணின்மேல்தான். ஆகவே இப்படிச் சொன்னேன்: "அந்தப் பேட்டையின் பூசாரி சார். முழங்கால் முடியாதவர். அவருக்குச் சாய்தளம் வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்தது நம் சார். நேரில் போய் அவரை நடக்க வைத்துப் பார்த்து வரைந்தது சுமிதா. அந்தப் பழக்கத்தில்தான் அவள் கூப்பிட்டதும் வந்தார். வந்து நிலைமையைச் சமாளித்தார். சாய்தளம் இல்லாவிட்டால் வந்திருக்க முடியாது." இதில் ஒரு சொல் பொய் கிடையாது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

தலைமைப் பொறியாளர் சாரைப் பார்த்து வியந்தார். "இவ்வளவு முன்யோசனையா? நீங்களும் இந்தப் பெண்ணும் சேர்ந்து செய்ததா?"

சார் ஒரு கணம் யோசித்தார். பிறகு, "ஆமாம் சார், சேர்ந்துதான்" என்றார். பாராட்டை இரண்டு பேராக வாங்கிக்கொண்ட பிறகு பழியை மட்டும் பிரித்துக் கொடுக்க வழியில்லை. அதற்கப்புறம் அவர் சுமிதாவைப் பற்றி நல்லது தவிர வேறெதுவும் சொல்லவில்லை. பாவம், சொல்லவும் முடியவில்லை.

சுமிதா நிரந்தரமானாள். ஆனால் நிரந்தரமாவது என்றால் என்ன தெரியுமா? கட்டி முடித்த பாலம் நல்ல நிலையில் இருப்பதற்கு இனி அவள்தான் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். அடுத்த மழைக்காலத்திலேயே படிக்கட்டு பெயர்ந்தது. ஓரங்கள் பிஸ்கட்டாக உதிர்ந்தன. ஒரு கர்ப்பிணிப் பெண் சறுக்கி விழப் பார்த்தாள். கட்டிய காண்ட்ராக்டர் மிஸ்ராஜிக்கு சுமிதா எத்தனை கடிதம் போட்டும் பதில் இல்லை. அவருக்கு மேலிடத்தில் நிறையச் சொந்தங்கள். கடைசியில் யாராவது விழுந்து அடிபட்டால், தலை உருளப் போவது இவளுடையது.

என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். மிஸ்ராஜியும் ஒருவழியாக வந்து சேர்ந்தார். வெயிலில் நின்று பார்த்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. படிக்கட்டுதான் உதிர்ந்திருந்தது. பக்கத்திலேயே, அதே ஆட்கள், அதே மாதத்தில் கட்டிய சாய்தளத்தில் ஒரு கீறல் இல்லை. ஆணியால் கீறிப் பார்த்தேன், ஆணி மழுங்கியது.

"இது மட்டும் எப்படி மிஸ்ராஜி?" என்றேன்.

மிஸ்ராஜி பிகார் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றியவர். அவர் ஊரில் தாக்கூர் என்றால் ஜமீன், துப்பாக்கி, பத்து அடியாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? படிக்கட்டு பப்ளிக் வேலை. இது தாக்கூர் சாப் நடக்கிற வழின்னு உங்க பெரிய சாரே சொன்னாரே? அதுல போய் சிமென்ட்டைக் குறைப்பேனா? எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு." பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "தாக்கூர் சாப் கோபமா ஒண்ணும் இல்லையே?" என்றார்.

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சுமிதா என் புடவைத் தலைப்பை இழுத்தாள்.

"கோபம்தான்" என்றாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "டாக்டர் அவரை இப்ப படியேறச் சொல்லியிருக்கார். தினமும் இந்தப் படிக்கட்டுலதான் ஏறிப் போறார்."

மிஸ்ராஜி உதிர்ந்த படியைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வாரம் குடுங்க மேடம். புதுசாக் கட்டிடறேன். சாபுக்குக் கைப்பிடியும் வேணுமா?"

"ரெண்டு பக்கமும்" என்றாள் சுமிதா.